ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து போகிறவர்

நாலாவது நாளும் அந்தத் தொப்பிக்காரர் எழுந்து போனார்.

நாடகம் தொடங்கிச் சரியாக ஐந்தாவது நிமிடம். கடைசி வரிசையில் நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. மேடையில் ஷோனாவுக்கு ஒரு வார்த்தை தடுமாறியது. விளக்கு கண்ணில் அடிப்பதால் போவது யாரென்று அவளுக்குத் தெரியாது. ஓர் ஆள் குறைந்தது மட்டும் தெரியும்.

இருந்ததே ஏழு பேர்.

வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த இஷ்பெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு எடின்பரோ நாடக விழாவுக்கு வாலண்டியராக வந்தவள் அவள். சம்பளம் கிடையாது. கழுத்தில் ஓர் அட்டை, அதைக் காட்டினால் எந்த நாடகத்தையும் சும்மா பார்க்கலாம். சர்ச்சுக்கு அடியில் இருந்த இந்த நாற்பது நாற்காலி ஹாலில், விளக்குப் பொத்தான் இரண்டை அமுக்கவும் ஷோனா அவளை விட்டிருந்தாள். நாடக வாழ்க்கை அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று இஷ்பெல் நம்பினாள்.

ஷோனாவுக்கும் இதுதான் ஆரம்பம். வடக்கே மீன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, தனியாளாக ஒரு மணி நேரம் மீன்காரியாக நடிக்கிறாள். நாடகம் நன்றாகவே இருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். ஹால் மேனேஜர் டூகல் சனிக்கிழமை வரை கெடு வைத்திருந்தார். அதற்குள் கூட்டம் சேராவிட்டால் அந்த நேரம் ஒரு மேஜிக்காரனுக்குப் போய்விடும். ஷோனா ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில் தொப்பிக்காரர் வேறு. எழுந்து போவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. வெளியே நடைபாதையில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தினார்.

"உள்ள மட்டும் போயிடாதீங்க. சர்ச்சுக்கு அடியிலயே இப்படி ஒரு நாடகம். என் வாயால சொல்ல முடியாது. குழந்தை குட்டியைக் கூட்டிட்டு இந்தப் பக்கமே வராதீங்க."

இஷ்பெலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஷோனா கழுத்திலிருந்து கணுக்கால் வரை ரப்பர் அங்கியில் இருந்தாள். அந்த நாடகத்திலேயே துணியில்லாமல் இருந்தது ஒரு கானாங்கெளுத்தி மட்டும்தான். அதுவும் பிளாஸ்டிக்.

நேரே போய்க் கேட்டுவிட்டாள். "பிடிக்கலன்னா வேற எங்கயாவது போங்களேன் சார். எதுக்கு தினமும் டிக்கெட் வாங்கிட்டு வர்றீங்க?"

"நேத்து பார்த்தது நெஜந்தானான்னு உறுதி பண்ணிக்க வேண்டாமா?"

"அஞ்சு நிமிஷத்துல அப்படி என்னத்தப் பார்த்துட்டீங்க?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு மேல உட்கார முடியலம்மா," என்றார்.

மறுநாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் முப்பது. ராயல் மைல் தெருவில் மழையில் நனைந்து தான் கொடுத்த நோட்டீஸ்தான் காரணம் என்று டூகலிடம் இஷ்பெல் பெருமையடித்துக்கொண்டாள். அவர் ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி மட்டும் அவள் காதருகே குனிந்து, "இதுதானே அந்த மோசமான நாடகம்?" என்று கேட்டாள்.

இஷ்பெலுக்குப் பொய் பேச வராது. அப்படி எதுவுமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை பாதிரியார்கூட வந்து பார்க்கலாம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். அந்தப் பெண்மணியின் முகம் தொங்கிப் போனது. அவளும் பின்னால் நின்ற இரண்டு பேரும் வரிசையை விட்டு நழுவினார்கள்.

எதிர்ப் பக்கம் நின்ற தொப்பிக்காரர் விறுவிறுவென்று தெருவைத் தாண்டி வந்தார். வலையில் விழுந்த மீனைத் தண்ணீரில் விட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உன்கிட்ட யாராவது கேட்டாங்களா? டிக்கெட்டைக் கிழிக்கிறதோட நிறுத்திக்கயேன்மா."

இந்த வயதில் இவ்வளவு வம்பு ஆகாது என்று இஷ்பெல் நினைத்துக்கொண்டாள். நாளைக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.

சனிக்கிழமை, நாடகம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே நாற்பது நாற்காலியும் நிரம்பிவிட்டது. நான்கு பேர் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். டூகல் சுவரில் சாய்ந்து நின்றார். மேஜிக்காரனுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டதாகப் போகிற போக்கில் சொன்னார். ஆபாசத்தைத் தேடி வந்தவர்கள் இரண்டாவது நிமிடத்திலேயே அதை மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இஷ்பெல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், எதிரே அவர். மழையில் நனைந்த தொப்பி. கையில் டிக்கெட் இல்லை.

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இடம் இல்ல சார். ஹால் நிறைஞ்சாச்சு. நீங்க அவ்வளவு கத்தியும் நிறைஞ்சாச்சு."

"ஒரு நாற்காலிகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல. படிக்கட்டுல கூட ஆள்."

உள்ளேயிருந்து நாற்பது பேரின் சிரிப்பு ஒன்றாகக் கேட்டது. அவர் தொப்பியைக் கழற்றினார். சட்டைப் பைக்குள்ளிருந்து போனை எடுத்து, எண்ணை அமுக்கி, காதில் வைத்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு அதை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லும்மா. லைன்ல ஷோனாவோட அம்மா இருக்கா."