வெண்டிக்காய்க்குக் கேட்ட மன்னிப்பு

"அவையள் வாற நேரமாச்சு. இன்னும் அந்த வெண்டிக்காயை விட மனமில்லையோ உமக்கு?" என்று குசினி வாசலில் நின்று கேட்டார் விக்னராஜா.

பவளம் திரும்பியும் பார்க்கவில்லை. காலையிலேயே வெண்டிக்காயை முழுசாகக் கழுவி, ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, பின்வளவில் பேப்பர் விரித்து வெயிலில் போட்டு எடுத்திருந்தாள். வெட்டிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. மூடி போடக் கூடாது. தனிச் சட்டியில் எண்ணெய் விட்டு வதக்கி, கொஞ்சம் தேசிக்காய் பிழிந்து, வழுவழுப்பு முழுக்கப் போன பிறகுதான் கம்போவில் சேர்க்க வேண்டும்.

கம்போ என்பது அமெரிக்காவில் லூசியானாப் பக்கத்துச் சாப்பாடு. கோழியும் இறாலும் வெண்டிக்காயும் போட்டுக் குழம்பாக வைத்து, சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். இந்தக் கிழமை மட்டும் பவளம் மூன்று தரம் வைத்துப் பார்த்துவிட்டாள். அதற்கு மாவை எண்ணெயில் சிவக்க வறுக்கப் போய் இரண்டு தரம் கருக்கியும் விட்டாள். மூன்று நாளும் குறை சொல்லாமல் தின்றவர் விக்னராஜா. பாவம், உதவி செய்ய அவருக்கு அனுமதி இல்லை. மெல்பேண் டார்னெய்ட்டில் வீடு கட்டி வந்த நாளிலிருந்து அந்தக் குசினியில் பவளத்தின் கை ஒன்றுதான் வேலை செய்தது. படிக்கிற பிள்ளை என்று பெற்ற மகளைக்கூட அடுப்புக்குக் கிட்ட விட்டதில்லை.

இத்தனை பாடும் எதற்கென்றால், அவளுடைய வாய் செய்த வேலைக்கு.

மூன்று மாதத்துக்கு முன், மகள் வினுஷா தான் கலியாணம் செய்ய விரும்பும் ஆந்த்ரேயை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். லூசியானாவில் பிறந்து மெல்பேணில் வேலை பார்க்கிற பெடியன். கையில் ஒரு பெரிய சட்டி. அவனுடைய ஊர்ச் சாப்பாடு என்றாள் வினுஷா. மூடியைத் திறந்து கரண்டியை விட்டால், வெண்டிக்காய் நூல் நூலாக இழுபட்டு வந்தது. பவளம் சிரித்த முகம் மாறாமல் கணவரைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"சளி மாதிரிக் கிடக்கு. ஒரு வெண்டிக்காய் சமைக்கவும் பழக்காமல் வளர்த்து விட்டிருக்கிறாள் தாய்."

அமெரிக்காக்காரனுக்கு என்ன விளங்கப் போகிறது என்ற தைரியம். ஆனால் ஆந்த்ரே கரண்டியை மெல்லக் கீழே வைத்தான்.

"மன்னிக்க வேணும், அன்ரி" என்றான், ஒவ்வொரு சொல்லாகத் தேடி.

பவளத்தோடு கதைப்பதற்கென்றே அவன் ஒரு வருஷமாகத் தமிழ் படித்தது அவளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அன்றைக்கு முகம் சிவக்க எழும்பிப் போன வினுஷா, அதன் பிறகு வீட்டுக்கு வருவதைக் குறைத்துவிட்டாள். வந்தாலும் கதிரையில் இருக்க மாட்டாள். போட்டு வாறன் என்று நின்ற நிலையிலேயே போய்விடுவாள்.

பவளத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடையில் வெண்டிக்காயைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். முன்பின் பார்க்காத ஒரு தாயைப் பற்றி எப்படித்தான் தனக்கு அப்படி வாய் வந்ததோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இப்போது அந்தத் தாயே மெல்பேணுக்கு வந்திருக்கிறாள். பவளம்தான் வலியச் சாப்பிடக் கூப்பிட்டாள். இன்றைக்குச் சரிக்கட்டாவிட்டால் மகள் இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டாள் என்ற பயம் அவளுக்கு.

வினுஷாவும் ஆந்த்ரேயும் அவன் தாயும் வந்து சேர்ந்தார்கள். தாய் லொரெய்ன் நெடுத்த மனுசி. கண்டதும் பவளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதில் பவளம் இன்னும் குறுகிப் போனாள். மகன் சொல்லியிருப்பானோ, இல்லையோ?

சாப்பிட உட்கார்ந்தார்கள். லொரெய்ன் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். ஆந்த்ரே தலை நிமிராமல் சாப்பிட்டான். வினுஷா கரண்டியைத் தொடவே இல்லை.

இனியும் வைத்துக்கொண்டிருக்க ஏலாது என்று, பவளம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினாள். உங்கள் மகன் கொண்டு வந்த சாப்பாட்டைச் சளி என்றேன், உங்கள் வளர்ப்பையும் பழித்தேன், ஒரு தாய் இன்னொரு தாயைச் சொல்லக் கூடாத சொல், மன்னித்துவிடுங்கள் என்றாள். சொல்லி முடிக்க முதல் கண்ணீர் வந்துவிட்டது. விக்னராஜா தண்ணீர்க் கிளாசை அவள் பக்கம் நகர்த்தினார்.

லொரெய்னுக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. மகன் அவளிடம் மூச்சும் விடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். அவர்கள் வீட்டிலும் வழுவழுப்பு யாருக்கும் பிடிக்காதாம். அவர்களும் இதே மாதிரித் தனியாக வதக்கித்தான் போடுவார்களாம். ஆந்த்ரே பத்து வயதிலிருந்து தன்னோடு நின்று சமைக்கிறவன், வெண்டிக்காயில் ஒருநாளும் பிழை விட்டதில்லை என்றாள்.

பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"அப்ப அண்டைக்கு மட்டும் என்ன நடந்தது தம்பி?"

"வதக்க மறந்து போனன், அன்ரி" என்றான் ஆந்த்ரே, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி.

வினுஷா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

"அவர் சமைக்கேல்லை, அம்மா. நீங்கள் நல்லாயிருக்கு எண்டு சொன்னாப் பிறகு, சமைச்சது நான்தான் எண்டு சொல்லுவம் எண்டு இருந்தனான்."