முடக்கிய எண்

சாலையில் ஓடும் வண்டிகள் தங்களுக்குள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும். இல்லாத வண்டியின் பெயரில் யாராவது பொய்த் தகவல் அனுப்பினால், அந்த எண்ணை மற்ற வண்டிகளுக்குக் கேட்காதபடி முடக்குவதுதான் அவளுடைய வேலை. ஒருநாள் அவசரத்தில் முடக்க வேண்டிய எண்களின் பட்டியலைச் சரிபார்க்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டாள். அண்ணனின் கார் எண்ணும் அதில் இருந்தது.

“நான் பிரேக் போட்டா பின்னாடி வர்ற வண்டிக்குத் தெரிய மாட்டேங்குதும்மா. என்னன்னு பாரேன்,” என்றான் அவன் ஃபோனில்.

“நாளைக்குப் பாக்கறேண்ணா. இன்னைக்குத் தலைக்கு மேல வேலை.”

மறுநாள் காலை மூடுபனியில், பாலத்தருகே அவன் பிரேக் போட்டது பின்னால் வந்த லாரிக்குத் தெரியவில்லை. அண்ணன் போய்விட்டான். நசுங்கிய காரை உருக்கிவிட்டார்கள். அந்த எண்ணை முடக்கத்திலிருந்து எடுக்க அவளுக்குக் கை வரவே இல்லை.

எட்டு மாதம் கழித்து, அதே பாலத்தருகே அவள் காரின் திரையில் எச்சரிக்கை வந்தது. முன்னால் பதினோரு மீட்டரில் ஒரு வண்டி பிரேக் போடுகிறது. அண்ணனின் எண். பளிச்சென்று வெயில் அடித்தது. முன்னால் எதுவும் இல்லை.

“யாரோ பழைய தகவலைப் பிடிச்சு வெச்சு மறுபடி அனுப்பறாங்க,” என்றார் அவள் சொன்னதைக் கேட்ட மேலாளர். பிறகு பட்டியலைப் பார்த்தார். “இது இன்னும் முடக்கத்துலதானே இருக்கு? உனக்கு எப்படிக் கேட்டுச்சு?”

இப்போது தினமும் அவள் அங்கே நின்றுவிடுகிறாள். “சொல்லுண்ணா, கேக்குது,” என்கிறாள்.

பின்னால் வரும் லாரிகளும், திரையில் அதே எண் வர, ஒவ்வொன்றாக வேகம் குறைத்து, ஹாரன் அடிக்காமல் நிற்கின்றன.