செவ்வந்தியின் இங்கிலீஷ்

"பெத்தவ எதிர்லயே நிக்கிறேன். ரெண்டும் இங்கிலீஷ்ல பேசிக்கினு இருக்குதுங்க ரெஜினா. எனக்குத் தெரியக்கூடாத அப்படி என்ன ரகசியம்?"

டிபன் பாக்ஸைத் திறக்காமலே கேட்டாள் செவ்வந்தி. அவளும் ரெஜினாவும் ஒரே ஆபீஸில் அட்டெண்டர்கள். செவ்வந்தியின் கணவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, வாரிசு வேலையாகக் கிடைத்தது இது. மகன் நெடுமாறனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மருமகளுக்கும் அங்கேதான்.

"பேரு மட்டும் தமிழ்நிலா! வாயைத் திறந்தா இங்கிலீஷ்தான்."

"அவங்க வேலை அப்படிக்கா."

"அதெல்லாம் இல்ல. ஜூன்ல நான் ரிட்டயர் ஆவறேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். இவளை எங்க கொண்டுபோய்த் தள்றதுன்னு பேசுதுங்க. வேற என்ன?"

ரெஜினா சிரித்தாள். "அப்ப நீயும் இங்கிலீஷ் கத்துக்க."

"நானா? எட்டாங்கிளாஸுக்கே முட்டி மோதினவ!"

"நான் மட்டும் என்னவாம்? எங்க சர்ச் கொயர்ல பாடிப் பாடித்தான் நாலு வார்த்தை வந்துச்சு. போன்ல இங்கிலீஷ் பாட்டு போடு. கீழேயே தமிழ்ல அர்த்தம் ஓடும். கூடவே பாடு."

அன்று சாயந்திரமே ஆரம்பித்தாள்.

அவள் பிளாக்கில் இரண்டு பக்கமும் வீடுகள் காலி. இருந்தவர்கள் ரிட்டயராகி சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலைவரை அவளோடு பேச ஒரு ஜீவன் இல்லை. இப்போது பாட்டாவது பேசியது.

சோறு வடிக்கும்போது 'கிரை' என்றால் அழு. பாத்திரம் தேய்க்கும்போது 'பிரேக்' என்றால் உடை. துணி மடிக்கும்போது 'லாஸ்ட்' என்றால் தொலைத்துவிட்டேன்.

'அலோன்' என்ற வார்த்தைக்கு மட்டும் அவள் அர்த்தம் பார்க்கவில்லை. பாடியவனின் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"இந்த வெள்ளைக்காரனுங்களுக்கு அழறதைத் தவிர வேற பொழப்பே இல்லியா? குவார்ட்டர்ஸ், பென்ஷன்னு ஒரு பாட்டும் காணோமே!" என்றாள் ரெஜினாவிடம்.

பொங்கலுக்கு மகனும் மருமகளும் வந்தார்கள்.

பையைக் கீழே வைக்கும்முன்பே, வழக்கம்போலக் கேட்டாள் செவ்வந்தி. "என்னா நிலா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?"

"இல்லிங்க அத்தை."

"கல்யாணமாகி நாலு வருஷமாச்சே. எப்பத்தான் நல்ல சேதி சொல்லப் போறீங்க?"

செவ்வந்தி அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் இங்கிலீஷ் தொடங்கியது.

குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டாள். இன்றைக்குப் பிடித்துவிடலாம்.

நிறைய வார்த்தைகள் நழுவி ஓடின. சில மட்டும் நின்றன.

"ஐ காண்ட் ஸ்மைல் எனிமோர்..." மருமகளின் குரல் உடைந்தது. "வி லாஸ்ட் திஸ் பேபி டூ. நோ ஹார்ட்பீட்... எகெய்ன்."

"டோண்ட் கிரை." இது மகன். "டோண்ட் டெல் அம்மா. ஷீ இஸ் அலோன் ஹியர். இட் வில் பிரேக் ஹெர் ஹார்ட்."

நின்றவை எல்லாமே பாட்டில் வந்த வார்த்தைகள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இந்தக் குழந்தையும் போய்விட்டது. அப்படியென்றால் இதற்குமுன்பும் ஒன்று போயிருக்கிறது. குவார்ட்டர்ஸும் இல்லை, முதியோர் இல்லமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் இவள் 'விசேஷம் உண்டா' என்று கேட்ட பிறகுதான் அவர்கள் இங்கிலீஷுக்கு மாறியிருக்கிறார்கள்.

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

அப்போதுதான் மந்தாரக்குப்பத்திலிருந்து நாத்தனார் கலியம்மாள் வந்து சேர்ந்தாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாடியம்மா, வயிறு இன்னும் காலியாத்தான் இருக்குதா? டாக்டர் கிட்ட காட்டினீங்களா, இல்லியா?"

தமிழ்நிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள் செவ்வந்தி.

"அவளை ஏன் அண்ணி கேக்கறீங்க? நான்தான் இப்ப வேணாம்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்பவே புள்ளயப் பெத்துப்புட்டா யாரு வளக்கறது? என்னால ஆவாது."

"அடிப்பாவி! நீயெல்லாம் ஒரு மாமியாரா? உன் சுகத்துக்கு என் தம்பி வம்சத்தையே தள்ளிப் போடறியே!"

"ஆமா, நான் அப்படித்தான்."

கலியம்மாள் விருட்டென்று எழுந்து, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

நெடுமாறன் அம்மாவையே பார்த்தான். "அம்மா... நாங்க பேசிக்கினு இருந்தது உனக்கு..."

"எனக்கு எங்கப்பா இங்கிலீஷ் புரியுது?" என்றவள், உட்கார்ந்திருந்த மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.