சமையலறையில் இல்லாத ஓவன்

கையில் தூக்குச்சட்டியோடு ஆய்வகக் கதவில் வந்து நின்றவர் மாமியார் கெங்கம்மாள். மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை.

ஓமந்தூரிலிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் கல்லூரிக்கே வருவார் என்று கலைப்பிரியா கனவிலும் நினைக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் மைக்ரோவேவ் ஓவன் உறுமிக்கொண்டிருந்தது. விழுப்புரத்தில் தனிக்குடித்தனம் வைத்தபோது, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்ற காசில் மாமியார் ஆசையாக வாங்கித் தந்த அதே ஓவன். சமையலறையில் பத்திரமாக இருப்பதாக எட்டு மாதமாகச் சொல்லிவந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

இப்போது அதன் தலையில் ஓட்டை, ஓட்டையில் வெப்பமானி. உள்ளே சூட்டை வெளியே விடாத வெள்ளைப் பஞ்சு பொதிந்த பெட்டி. அதற்குள், செராமிக் எனும் பீங்கான் பொடியை அழுத்திச் செய்த ஒரு வில்லை, ஆயிரத்து நானூறு டிகிரியில் வெந்துகொண்டிருந்தது.

சூளையில் ஒரு நாள் பிடிப்பது இதில் அரை மணியில் இறுகிவிடும். இறுகினால்தான் அவள் ஆராய்ச்சி முடியும். ஐந்து வில்லைகள் விரிசல் விட்டாயிற்று. இது ஆறாவது, பொடியும் தீர்ந்துவிட்டது.

நடுவில் நிறுத்தினால் இதுவும் போச்சு. நிறுத்தாவிட்டால் மாமியாருக்கு என்ன பதில் சொல்வது?

அவள் நிறுத்தவில்லை. திருட்டு முழியோடு விலகி நின்றாள்.

கெங்கம்மாள் ஓவனைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றிருந்தது கலைப்பிரியாவுக்கு.

ஓவன் நின்றது. ஆறும்வரை திறக்கக் கூடாது. அதற்குள் இருவரும் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டு முடித்தார்கள்.

நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்தாள். போட்டதைவிடச் சிறுத்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு, பால் வெள்ளையாகக் கிடந்தது வில்லை. மேசையில் போட்டதும் கிண்ணென்றது. ஒரு விரிசல் இல்லை. சந்தோஷத்தில் ஒரு கணம் மாமியாரையே மறந்துவிட்டாள்.

கெங்கம்மாள் அதை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். முந்தானையில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன வருசம் என் இடுப்பு மூட்டுல டாக்டரு வச்சாரே செராமிக் குண்டு, அத எப்டிதான் பண்றாங்கன்னு கேட்டா ஒருத்தரும் சொல்லல. நீ நம்ம ஓவன்லயே பண்ணிக்கினு இருக்கியாம், உன் புருசன்தான் சொன்னான். அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தொடாமல் மூன்று மாடியும் இறங்கிப் போனார்.