தலைவன் மாலை

கென்யாவில் பதினைந்து வருஷம் சர்க்கரை ஆலையில் குப்பை கொட்டிவிட்டு மேலகரத்துக்குத் திரும்பிய பலவேசத்துக்கு, ஊரில் எல்லாருமே கிணற்றுத் தவளைகள். முதல் தவளை, அவர் மனைவி குழல்வாய்மொழி.

இன்று குற்றாலத்தில் அவருடைய கண்காட்சி. கென்யாவின் லுவோ இன மக்களுடைய தீக்கோழி இறகுக் கிரீடம், தோல் கேடயம், சோழிப் பட்டை எல்லாம் மேசையில் இருந்தன. நீளமான நார்க்குஞ்சம் ஒன்றை மட்டும் அவரே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அது வந்துங்க..." என்று ஆரம்பித்தாள் குழல்வாய்மொழி.

"தலைவன் போடுத மாலைட்டி இது. அங்கயும் அடுப்படியில கெடந்தவளுக்கு என்ன தெரியும்? நாலு பேரு முன்னால வாயத் தொறக்காத. பின்னால முடிச்சப் போடு."

இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

சிறப்பு விருந்தினர் அகின்யி, திருநெல்வேலியில் படிக்கும் லுவோ பெண். மேடையேறியவள் பலவேசத்தின் கழுத்தைப் பார்த்துத் திகைத்து, தன் மொழியில் என்னவோ கேட்டாள்.

"யெஸ், யெஸ்!" என்று பலவேசம் நெஞ்சை நிமிர்த்தினார்.

முன்வரிசையிலிருந்து குழல்வாய்மொழி அதே மொழியில் மளமளவென்று பதில் சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னட்டி கேக்கா அவ?" கையில் மைக் இருப்பதைப் பலவேசம் மறந்துவிட்டார்.

"'இது ஒங்களோடதா'ன்னு கேட்டா. நீங்க யெஸ்னுட்டிய. இல்ல, எனக்கு அங்க பக்கத்துவீட்டு அக்கா குடுத்ததுன்னேன். கல்யாணமான பொம்பளைங்க இடுப்புக்குப் பின்னால கட்டுத வாலுங்க அது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பலவேசம் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

முடிச்சு அவிழவில்லை.