குறட்டைக்குக் கூலி

"குறட்டை விட்டதுக்குக் கூலி கேக்குறா, மேடம். ராத்திரி முழுக்கத் தூங்கினவ இவ."

முதலாளி லியாவ் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சமரச அதிகாரி சிரிக்கவில்லை.

"குறட்டை விட்டது உங்க அப்பா, சார். நான் முழிச்சுக் கெடந்து கேட்டவ," என்றேன்.

நான்கு வருடம் அவர் அப்பாவைப் பார்த்துக்கொண்டேன். அகோங் என்று கூப்பிடுவேன்; அவர்கள் மொழியில் தாத்தா. அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் என் மெத்தை. ஒப்பந்தப்படி இரவில் எட்டு மணி நேரம் எனக்கு ஓய்வு. அந்த ஓய்வில்தான் சளி எடுத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன், டயபர் மாற்றினேன்.

அதற்குச் சம்பளம் கேட்டேன். தர மாட்டேன் என்றார். வேலையை விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது.

"ராத்திரி எழுந்திரிச்சதுக்கு யார் சாட்சி, வார்தினி?" என்றார் அதிகாரி.

சாட்சி அறையிலேயே இருந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் லியாவ் அகோங்கையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அகோங் பேசுவதில்லை.

நான் பதில் சொல்வதற்குள் சாப்பாடு வந்தது. சாப்பிட்டு முடிக்கப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. இந்த ஊரில் எந்தச் சண்டையும் மதியத் தூக்கத்துக்குப் பிறகுதான். காலி சாப்பாட்டுப் பெட்டிகளை ஓரமாக வைத்தோம். அலுவலகம் முழுக்க விளக்கணைந்தது. அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து சின்னத் தலையணையை எடுத்து அதில் கவிழ்ந்தார். லியாவ் கோட்டைத் தலைமேல் போர்த்திக்கொண்டார்.

நானும் கைகளை மடக்கித் தலையை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் லியாவின் மூச்சு கனத்தது.

அகோங் இருமினார்.

சளி இருமல். நிமிர்த்தி உட்காரவைத்து முதுகில் தட்டினால் அடங்கிவிடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லியாவ் அசையவில்லை. நானும் தலையைத் தூக்கவில்லை.

மறுபடி இருமினார். லியாவின் கோட்டுக்கும் அப்பாவின் நாற்காலிக்கும் இடையே ஒரு கை தூரம்கூட இல்லை.

இந்த முறை விடாமல் இருமினார். எச்சில் மேசைவரை தெறித்தது. அதிகாரி தலையைத் தூக்கினார். கோட்டும் விலகியது.

லியாவ் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வார்தினி! காது செவிடா? அப்பா இப்படி இருமுறாரு, நீ பாட்டுக்குப் படுத்திருக்க!"

"தூங்கிட்டு இருந்தேன், சார்."

அகோங்கின் தொண்டை கரகரத்தது.

அதிகாரி விளக்கைக்கூடப் போடவில்லை. அரை இருட்டிலேயே பேனாவைத் திறந்தார்.

"லியாவ் சார், இப்ப இவங்ககிட்ட என்ன கேட்டீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

லியாவ் முகம் சிவக்க எழுந்துபோய் அப்பாவின் முதுகில் தட்டினார். தட்டிய இடம் தப்பு. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவும் இல்லை.

நல்லவேளை, மேசைக்கடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. தலை சாய்க்கும்முன் செருப்புகளைக் கழற்றி விட்டிருந்தேன்.

முதல் இருமலுக்கே அவை என் காலில் இருந்தன.