தனிக் கையெழுத்து

நெருக்கடி நிலைப் பிரிவைக் குழுத் தலைவரான நீதிபதி மூன்றாம் முறையாக வாசித்து முடித்தபோது, வரைவுக் குழுவில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

புதிய அரசியல் சாசனத்தில் முடிவாகாமல் இருந்தது அந்தப் பிரிவு மட்டும்தான். நாட்டுக்கு ஆபத்து என்று தோன்றினால் அதிபர் தன் தனிக் கையெழுத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கலாம். ஆட்களைப் பிடித்து உள்ளே வைக்கலாம், பத்திரிகைகளை மூடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பிரிவு வேண்டும் என்றார்கள் நான்கு பேர். கூடவே கூடாது என்றார்கள் நான்கு பேர். மிச்சம் நான்.

வேண்டும் என்றவர்கள் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். அடுத்த மாதத் தேர்தலில் ஜெயிக்கப்போவது யார் என்று லிஃப்ட் இயக்குபவருக்குக்கூடத் தெரியும். என்னை இந்தக் குழுவுக்கு அனுப்பியதே அவருடைய கட்சிதான். என் ஓட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் நீதிபதி மதியம் சாப்பிடவே போனார்.

நான் எழுந்தேன். பல வருடங்கள் கல்லூரியில் பாடமாக நடத்திய விஷயம். குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அமெரிக்க அதிபர் ஒருவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்க நினைக்கலாம், செனட் சம்மதிக்காவிட்டால் அந்த ஆள் வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்றேன். சுவிட்சர்லாந்தில் ஏழு பேர் சேர்ந்து ஆள்கிறார்கள், தலைவர் பதவி வருடத்துக்கு ஒருவராகச் சுற்றி வருகிறது என்றேன். இந்தியாவில் அமைச்சரவை எழுத்தில் கேட்டால்தான் நெருக்கடி நிலை வரும், அதையும் ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஏற்காவிட்டால் காலாவதி என்றேன்.

நீதிபதி விடவில்லை. பிரான்சில் அதிபரே முடிவெடுக்கலாமே என்று மடக்கினார்.

எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் பிரதமரை, இரு அவைகளின் தலைவர்களை, அரசியல் சாசன மன்றத்தைக் கேட்க வேண்டும். அவர்கள் சொன்னபடி நடக்க வேண்டும் என்றில்லை. கேட்காமல் மட்டும் இருக்க முடியாது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“கெட்டவன் வந்தா இதெல்லாம் வேணும்மா. வரப்போறவர் தங்கமான மனுஷன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

“அதனாலதான் சார் சொல்றேன்.”

ஓட்டெடுப்பில் என் கை கூடாது என்றவர்களோடு சேர்ந்து உயர்ந்தது. தனிக் கையெழுத்து போயிற்று. முதலில் அமைச்சரவை, பத்து நாளைக்குள் நாடாளுமன்றம் என்று திருத்தி எழுதினார்கள். எங்கள் கட்சி வழக்கறிஞர் ஒருவர், நான் விலை போய்விட்டேன் என்று என் காதில் விழும்படியே முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வராந்தாவுக்கு வருவதற்குள் கைப்பேசி அடித்தது. சேதி எனக்கு முன்னால் ஓடியிருந்தது.

“என்னம்மா, அண்ணன் கையையே கட்டிட்டியாமே?”

அதிபராகப் போகிறவரின் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.

அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமாக இருந்தவர் அண்ணன். எனக்குக் காய்ச்சல் என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. படிக்கும் காலத்தில் நான் விரும்பியவர், ஒருநாள் தன் பெற்றோருடன் எங்கள் வீட்டுக்குப் பேச வந்தார். நல்ல உடையாகப் பார்த்து மாற்றிக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அண்ணன் வாசற்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அவன் உனக்கு வேண்டாம்மா என்று சொல்லி, என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அந்த ஆளைப் பற்றிப் பிற்பாடு தெரியவந்ததை வைத்துப் பார்த்தால், அண்ணன் செய்தது முழுக்க முழுக்கச் சரி.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.